நாங்கள் அனுப்பிய ஆக்ஸிஜன் மெஷின்கள்

1

இங்கிலாந்தின் வடக்கில், மழை ஓயாத ஒரு சிறு நகரத்தில், நான் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறேன். திருப்பூரில் இதைச் சொன்னால் எல்லோரும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் கொஞ்சம் படுக்கைகள் போட்ட தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் மருந்துக்கடை இருக்கும், உள்ளே பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் நடக்கும். இங்கே அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். இனித் தனியாக இருக்க முடியாது என்றான வயதானவர்கள் வந்து தங்கும் இடம் அது. பெரும்பாலும் அங்கிருந்து அவர்கள் திரும்பிப் போவதில்லை. அவர்களைக் குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் என் வேலை. என் சித்தப்பா ஒருவர் இத்தனை வருடமாக என்னைக் கம்பவுண்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பேரையும் நம்பாமல் இருப்பதுதான் அந்த வேலை. சாம்பிளில் காட்டிய நிறம் மொத்தச் சரக்கில் இருக்காது. மில்லில் இருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்ன நூல் மில்லிலேயே கிடக்கும். எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்ததே சந்தேகம்தான். பிறகு என் மனைவி அனிதாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் மகள் யாழினியும் வந்தோம். வேலை மாறியதே தவிர குணம் மாறவில்லை.

போன வருடம் ஒரு நாள், வேலைக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி செந்தில் கூப்பிட்டான். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் சின்ன நிட்டிங் யூனிட் ஒன்று வைத்திருக்கிறான். எப்போதும் சத்தமாகப் பேசுபவன் அன்று தணிந்த குரலில் பேசினான்.

"அம்மாவ ஒரு ஹோம்ல சேத்தலாம்னு இருக்கறமுங்ணா."

அப்புறம் வாட்ஸப்பில் படங்கள் வந்தன. வெள்ளைச் சுவர், பச்சைத் திரை, வரிசையாகக் கட்டில்கள், புன்னகைக்கும் பெண்கள். சாம்பிள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு சந்தேகப்பட அவ்வளவு சுத்தமே போதாதா? அன்றைக்கே விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

2

எனக்கு அப்படி ஒரு பயம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஹோமில் பாதிப் பேருக்கு மேல் அரசாங்கம்தான் பணம் கட்டுகிறது. நடத்துவது ஒரு தனியார் கம்பெனி. வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு ஆள் வருவார்கள். தொற்று நோய் வந்தால் என்ன செய்வோம் என்று அழகாக எழுதிய கோப்பு ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அவசரத்துக்கு என்று அலமாரி நிறைய முகக்கவசப் பெட்டிகளும் இருந்தன. ஆய்வாளர்கள் அலமாரியைத் திறந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

கொரோனா வந்த முதல் வசந்தத்தில் அந்தப் பெட்டிகளைப் பிரித்தோம். காலாவதித் தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய தேதி. திருப்பூரில் லேபிள் மாற்றி ஒட்டிப் பார்த்தவனுக்கு அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நாட்டிலேயே சரக்கு இல்லை என்றார்கள். கவுனுக்குப் பதிலாகக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டோம். நிமிஷத்துக்கு எத்தனை பனியன் தைப்பார்கள் என்று தெரிந்த ஊரில் இருந்து வந்தவன் குப்பைப் பைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மார்கரெட் என்று ஓர் அம்மா இருந்தார். இளவயதில் அந்த ஊர்ப் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சட்டைக் கையைத் தடவிப் பார்த்து, இது உங்கள் ஊர்த் துணியா என்று கேட்பார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். இந்த வயதுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில் பயனில்லை, அங்கேயே வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வசதி என்றால் என்ன? எங்களிடம் ஆக்ஸிஜனே இல்லை. அவருடைய மகன் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றார். உள்ளேயிருந்து நான் போனை அம்மாவின் காதருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மகனிடம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு இழுக்கிற வேலையே அவருக்குச் சரியாக இருந்தது.

அந்த மாதம் எங்கள் ஹோமில் நிறையப் பேர் போனார்கள். அடுத்த வருடம் அதே கம்பெனிக்கு, எதற்கும் தயாராக இருக்கிறது என்று சான்றிதழ் வந்தது.

3

இரண்டாவது அலையில் திருப்பூரில் படுக்கை இல்லாமல் ஜனங்கள் ஆம்புலன்ஸிலேயே காத்திருந்ததைப் போனில் பார்த்தோம். மார்கரெட்டின் முகம் என் கண்ணைவிட்டுப் போகாத காலம் அது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், வேறு எதுவும் வேண்டாம், ஆக்ஸிஜன் மெஷின் அனுப்புவோம் என்று. இது சிலிண்டர் இல்லை. கரண்டில் ஓடும்; அறையில் இருக்கிற காற்றையே இழுத்து அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும். நான்கு வாங்கினோம். திருப்பூருக்கு வெளியே ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுப்பதென்று முடிவானது. எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும்.

அப்போது சின்னப் பெண்ணாக இருந்த யாழினி, மெஷின்களில் ஒட்டுவதற்கு ஒரு படம் வரைந்தாள். சிரிக்கிற நுரையீரல் இரண்டு. கீழே 'நலம் பெறுக' என்று எழுதச் சொன்னேன். 'நலம் பெருக' என்று எழுதிவிட்டாள். அச்சடித்த பிறகுதான் கவனித்தேன். பெருகினாலும் நல்லதுதானே என்று சங்கத் தலைவர் சிரித்தார். இப்போது அவளுக்கு அந்த றகரச் சண்டையே இல்லை. தமிழில் எழுதுவதை விட்டு வெகுநாளாகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இடையில் அனிதா மட்டும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருப்பாள்.

4

சொல்லாமல்தான் திருப்பூர் போய் இறங்கினேன். சொல்லிவிட்டுப் போனால் எதையும் உள்ளபடி பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

யூனிட்டை ஒட்டியிருந்த தம்பி வீட்டில் அம்மாவின் அறையைத் திறந்தால் பாதி அறைக்குத் துணி ரோல்கள் அடுக்கியிருந்தன. மிச்சப் பாதியில் அம்மாவின் கட்டில். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. செந்திலுக்குச் சரக்கு வைக்க இடம் வேண்டும், அதற்கு அம்மா ஹோமுக்குப் போக வேண்டும். அவன் மனைவி கவிதா காபி கொண்டுவந்தாள். நான் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ரோல்களைப் பார்த்தபடியே, நல்ல வசதி பண்ணிக்கொண்டீர்கள் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அம்மா ஒற்றை ஆளாக நின்று பல வருடம் மெஸ் நடத்தியவர். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்த தென்மாவட்டத்துப் பையன்கள் எல்லாம் அவரிடம் சாப்பிட்டவர்கள். ஒரு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது கை தொங்கிவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"ஏங்கண்ணு, அவள எதுக்குக் குத்திப் பேசற? துணிய இங்க வெக்கச் சொன்னது நானு."

"நீங்க எதுக்கும்மா அப்படிச் சொல்லோணும்?"

"நாந்தான் ஹோமுக்குப் போறனே, ரூமு எதுக்குச் சும்மா கெடக்கோணும்? போன மாசம் பாத்ரூம்ல உழுந்துட்டேன். இவங்க ரண்டு பேரும் யூனிட்ல. கீழ கெடந்து கூப்புடறேன், நிட்டிங் மெஷின் ஓடற சத்தத்துல நான் கூப்பிட்டது எனக்கே கேக்கல. மத்தியானம் சோத்துக்கு வந்துதான் பாத்தாங்க. அவன் மெஷின நிறுத்திப்போட்டு என்னையப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா? நீதான் வந்து பாப்பியா?"

கடைசிக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஹோமைக் கண்டுபிடித்ததே அம்மாதான் என்றும், அவருடைய மெஸ்ஸில் வேலை செய்த பெண் ஒருத்தி இப்போது அங்கே சமைக்கிறாள் என்றும் பிறகு செந்தில் சொன்னான். நான் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தேன். கவிதாவிடம் மன்னிப்புக் கேட்கப் பல நாள் ஆனது.

5

மறுநாள் காலையில் நானும் செந்திலும் ஹோமுக்குப் போனோம். அவனிடமும் கிளம்பும்போதுதான் சொன்னேன். ஒரு காலத்தில் அது ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதி. ஜன்னல்களில் இன்னும் அந்தக் காலத்துக் கம்பிவலை இருந்தது. மேனேஜர் கதிர்வேல் என்னைவிட இளையவர். முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இரவில் மாடிக்கு எத்தனை ஆள், படுக்கைப்புண் வந்தால் யார் பார்ப்பார்கள், கரண்ட் போனால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நேராகத்தான் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பாத்ரூமில் பிடிமானக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை. ஒரு பாட்டியிடம் முதுகைப் பார்க்கலாமா என்று கேட்டேன், அவரும் சரி என்றார். தோல் நன்றாக இருந்தது. எங்கள் ஹோமில் சில பேருக்கு அப்படி இல்லை.

கடைசியாக ஓர் அறையைத் திறந்து காட்டி, இனி கொரோனா மாதிரி ஏதாவது வந்தால் தனியாக வைத்துப் பார்க்க இந்த அறையைத் தயாராக வைத்திருக்கிறோம் என்றார். நான்கு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் ஆக்ஸிஜன் மெஷின். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் பாதி மிச்சம் இருந்தது. சிரிக்கிற நுரையீரல் ஒன்று. அடியில் 'பெருக'.

இது எங்கே வாங்கியது என்று கேட்டேன். ஓர் அரசு சுகாதார நிலையத்தில் இருந்து கொடுத்தார்கள் என்றார், கொஞ்சம் தயங்கி. ஆபீஸ் சுவரில் கட்டணப் பலகை மாட்டியிருந்தது. ஆக்ஸிஜனுக்குத் தனிக் கட்டணம் என்று அதில் ஒரு வரி. ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்ததை இங்கே வைத்துக் காசு பார்க்கிறார்கள். சாம்பிளும் சரக்கும் வேறு என்று நான் நினைத்தது சரிதான். படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். செந்தில் என் கையைப் பிடித்து, அவசரப்பட வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள், கலெக்டர் அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம் என்று தலைவர் பதில் போட்டிருந்தார்.

யாழினிக்கும் படத்தை அனுப்பினேன். இதுவா நான் வரைந்தது, கேவலமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அது எப்படி அங்கே போனது என்று கேட்கவில்லை.

6

புகார் எழுத, மெஷின்களை ஹோமுக்குக் கொடுத்த ஆளின் பெயர் வேண்டும் என்றார் தலைவர். அதற்காகத்தான், ஹோமுக்குக் கொஞ்ச தூரத்திலேயே இருந்த சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

காய்ச்சலுக்கு வந்தவர்கள் வரிசை வெளியே வேப்பமரம் வரைக்கும் நின்றது. வடநாட்டுப் பையன்கள் பாதி. ஸ்டாஃப் நர்ஸ் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. கூட்டம் குறையும்வரை உட்காரச் சொன்னார். பிறகு என் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்தது போலப் பதறவில்லை. மெஷின்களைக் கொடுத்தது தான்தான் என்றார்.

எங்கள் மெஷின்கள் வந்து சேர்ந்தபோது அலை ஓய்ந்துவிட்டிருந்தது. அந்தக் கட்டடம் பழையது. தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜும் இதுவும் ஒரே லைனில் ஓடினால் கரண்ட் ட்ரிப் ஆகிவிடும். தடுப்பூசி கெட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு இருக்காது. வயரிங் மாற்றித் தரச் சொல்லி மேலே எழுதியிருக்கிறார். மெஷினுக்கு ஃபில்டர் வாங்கப் பணம் கேட்டும் எழுதியிருக்கிறார். மெஷின்கள் நன்கொடையாக வந்ததால் அரசுக் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் இல்லாத பொருளைப் பராமரிக்கப் பணம் ஒதுக்க வழியில்லை என்று பதில் வந்தது. கணக்கில் ஏற்றச் சொல்லி எழுதியதற்குப் பதிலே வரவில்லை. மெஷின்கள் தாழ்வாரத்தில் கிடந்தன. குழாயை எலி கடித்தது. அந்தச் சமயத்தில் ஹோமில் இருந்து கேட்டார்கள், கொடுத்துவிட்டார்.

"அவங்க காசு வாங்குறாங்க, தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். எங்கிட்ட இருந்தா இலவசம், ஆனா ஓடாது. அங்க காசு, ஆனா ஓடுது. இங்க மூச்சு முட்டிக்கிட்டு வாறவங்கள ஆம்புலன்ஸ் வாற வரைக்கும் அங்கதான் அனுப்புதேன். நான் அனுப்புற ஆளுககிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு பேசித்தான் கொடுத்தேன். வாங்கல. நீங்க புகார் எழுதணும்னா எழுதுங்க. என் பேரு ஜெசிந்தா. எம் பேர மட்டும் எழுதுங்க, டாக்டருக்கு இதுல சம்பந்தம் இல்ல."

இலவசமாக அனுப்பிய ஆள் யாராவது ஒருவரைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் கேட்டது. அவர் கோபப்படவில்லை. வெளியே எட்டிப் பார்த்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் கைகாட்டினார். சாயப்பட்டறையில் வேலை செய்தவர், நெஞ்சுச்சளி. அவரிடம் போய்க் கேட்டேன். "ரண்டு தடவ அங்க படுத்திருந்தேனுங்க. காசு கேக்கலைங்க. காப்பியும் குடுத்தாங்க," என்றார்.

7

அன்று மாலையே தலைவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அரசாங்கத்துக்குக் கொடுத்தது தனியாரிடம் இருக்கிறது, காசும் வாங்குகிறார்கள், அப்புறம் என்ன என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. புகார் போனால் முதலில் மாட்டுவது அந்த நர்ஸ் என்றேன். அப்படியானால் சங்கப் பணத்தில் வயரிங் செய்துகொடுப்போமா என்று கேட்டேன். சுவருக்குள் போகிற வயருக்கு யார் நன்கொடை தருவார்கள், பக்கத்தில் நின்று போட்டோகூட எடுக்க முடியாதே என்றார். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். கடைசியில், நான் கிளம்புவதற்குள் மெஷின்கள் சுகாதார நிலையத்தில் ஓடினால் புகார் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

கதிர்வேலிடம் போய் மெஷின்களைத் திருப்பிக் கேட்டேன்.

"ரண்டு எடுத்துக்குங்க. ரண்டு இங்கயே இருக்கட்டுங்க. அதுக்கு இனி யாருகிட்டயும் காசு வாங்கல. அம்மாவும் இங்கதானுங்களே இருக்கப்போறாங்க."

அந்தக் கடைசி வரியை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் உதவும் என்று சொன்னாரா? உங்கள் அம்மா எங்கள் கையில் இருக்கிறார் என்று சொன்னாரா? குரலில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. செந்திலைக் கேட்டேன். "உங்களுக்கு எதுதானுங்ணா நேராத் தெரியும்?" என்றான்.

ஆனாலும் வயரிங் வேலையைச் செய்துமுடித்தது அவன்தான். யூனிட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடிவிட்டு, அவனுக்கு வழக்கமாகக் கரண்ட் வேலை பார்க்கும் ரஹீம் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். அரசுக் கட்டடத்தில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். டாக்டர், ஞாயிறன்று தான் அந்தப் பக்கம் வருவதில்லை என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார். தனி லைன் இழுத்து, தனி ஸ்விட்ச் பெட்டி வைத்தோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் கவிதா எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். அங்கே, அவள் ஜெசிந்தாவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மாமா, ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

மெஷின்களையும் ஃபிரிட்ஜையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். ட்ரிப் ஆகவில்லை. இரண்டு ஓடினாலும் போதும் என்று தலைவர் புகாரை விட்டுவிட்டார். யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "யாரும் கேக்க மாட்டாங்க சார்," என்றார்.

அடுத்த வாரம் அம்மாவை ஹோமில் விட்டோம். ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போகச் சொல்லி, சாம்பாரில் பெருங்காயம் பத்தவில்லை என்றார். கிளம்பும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "அங்க போயி இதையே நெனச்சுட்டு இருக்காத சாமி," என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

8

திரும்பி வந்து மாதங்களாகிவிட்டன. இங்கே மீண்டும் ஆய்வு வந்தது. அலமாரி நிறையப் புதுப் பெட்டிகள். ஆய்வாளர் திறந்து பார்த்துத் தலையாட்டினார். அவர் போன பிறகு ஒவ்வொரு பெட்டியாக நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இந்த முறை தேதிகள் உண்மையானவை. அதற்காக நான் நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை.

விடுமுறை நாட்களில் அம்மாவிடம் பேசி முடித்ததும் ஜெசிந்தாவைக் கூப்பிடுகிறேன். எப்போது கூப்பிடுவேன் என்று அவருக்குத் தெரியாதபடி நேரத்தை மாற்றி மாற்றிக் கூப்பிடுவேன். மெஷின் ஓடுகிறதா என்பேன். ஓடுது சார் என்பார். ஒரு முறை படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். படம் பழையதாக இருக்கலாமே என்று அதையும் யோசித்தேன்.

போன முறை கேட்டபோது ஜெசிந்தா பதிலே சொல்லவில்லை. நடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு போனை மெஷினுக்குப் பக்கத்தில் எங்கோ வைத்துவிட்டார். ஒரே சீராக இரைச்சல், நடுநடுவே பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். எனக்காக இப்போதுதான் ஸ்விட்ச் போட்டிருப்பாரோ என்று தோன்றியது. அப்போது இரைச்சலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நீண்ட இருமல். அது அடங்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மூக்குல இருந்து குழாய எடுக்காதீங்க ஐயா. பேசாம இழுங்க. இழுங்க."

நான் லைனில் இருப்பதை ஜெசிந்தா மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. அந்த மனிதர் இழுத்து விடுகிற மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தேன்.